திறந்த மடல்: என் அண்ணன் ஒத்துழைக்காத நோயாளி அல்ல

தமிழ்நாட்டில் மூளைக் கட்டி அறுவைக்கு முன் மொழிப் பகுதியை ஸ்கேன் செய்யும் ரேடியாலஜி துறையினருக்கும், அந்தப் படத்தைப் பார்த்து எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்கும் நியூரோ சர்ஜன்களுக்கும், எல்லோருக்கும் மேலே இருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

என் அண்ணனுக்கு எடுத்த மொழிப் பகுதி ஸ்கேன் பற்றி நான் கொடுத்த புகாருக்கு உங்களில் ஒரு மருத்துவமனை அனுப்பிய பதில் கடிதத்தில் மூன்றே சங்கதி. பரிசோதனை சர்வதேச நெறிமுறைப்படிதான் நடந்தது. நோயாளி சரியாக ஒத்துழைக்கவில்லை. மெஷினோடு வந்த மென்பொருளில் தமிழ் கிடையாது. ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறது.

முடித்துவைக்க எனக்குச் சம்மதமில்லை. அந்த மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. அதை மட்டும் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்களைப் போல வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களிடம் பேசிப் பார்த்ததில், இது அந்த ஒரு கட்டடத்தோடு முடிகிற வழக்கமாகவும் தெரியவில்லை. ஆனால் அந்த மூன்று சங்கதிக்கும் பதில் சொல்லாமல் விடுவதாக இல்லை.

என் அண்ணன் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் ஏலம் கூறுபவர். படிப்பு எட்டாவது வரை, தமிழ் மீடியம். தக்காளிப் பெட்டி முன்னால் நின்று ஆரம்ப விலையைச் சொல்லி, சுற்றி நிற்கும் வியாபாரிகளின் விரலையும் புருவத்தையும் படித்துக்கொண்டே, மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வாங்க வருகிறவர்களில் கேரளத்துக்காரர்கள் நிறைய. அவர்களோடு மலையாளத்தில் பேரம் பேசுவார். விவசாயிகளோடும் வீட்டிலும் தமிழ். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் லாரி நம்பர் பிளேட்டும், மருந்துச் சீட்டில் இருக்கும் தன் பெயரும்தான்.

ஒரு நாள் வெண்டைக்காய் மூட்டைக்கு விலை ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டார். கண் திறந்திருக்கிறது, ஆள் நிற்கிறார், பேச்சு மட்டும் வரவில்லை. விலையை இன்னும் ஏற்றத்தான் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று வியாபாரிகள் நினைத்தார்களாம். ஒருவர் இரண்டு ரூபாய் கூட்டிக்கூடக் கேட்டிருக்கிறார். திரும்பத் திரும்ப அப்படி ஆனபிறகுதான் அதுவும் வலிப்பில் ஒரு வகை என்று தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இடது முன்மூளையில் கட்டி. மெதுவாக வளரும் க்ளையோமா என்ற வகைக் கட்டியாக இருக்கலாம், பேச்சுக்கான பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார்கள். எவ்வளவு பக்கத்தில் என்று பார்க்கத்தான் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல். நாளை இதே ஸ்கேனுக்குப் போகப்போகிற வீட்டுக்காரர்களும் வாசிப்பார்கள். மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதை எம்.ஆர்.ஐ. சிக்னலில் பார்க்க முடியும் என்று 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவின் குழு காட்டியது. மாற்றம் மிகச் சிறியது, ஓரிரு சதவீதம்தான். அதுவும் வேலை தொடங்கி ஐந்தாறு விநாடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால் 30 விநாடி வேலை, 30 விநாடி ஓய்வு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, மிஞ்சுவதற்கு வண்ணம் பூசுகிறீர்கள். தாடை அசைந்தால் படம் கலங்கும் என்பதால் பதிலை மனதுக்குள்ளேயே சொல்லச் சொல்கிறீர்கள். உள்ளே படுத்திருப்பவர் சொன்ன வேலையைச் செய்கிறாரா, வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று வெளியே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குக் கேட்காது.

முழுப் பரிசோதனையும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: கொடுத்த வேலை நோயாளிக்குப் புரிந்தது என்பது.

அண்ணனுக்கு என்ன கொடுத்தார்கள்? திரையில் ஓர் ஆங்கில எழுத்து வரும். அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை மனதுக்குள் அடுக்க வேண்டும். பிறகு ஒரு சிலுவைக் குறி வரும், அப்போது ஓய்வு. இதை விளக்கிய டெக்னீஷியன் பையனைக் குறை சொல்ல மாட்டேன். வடக்கிலிருந்து வந்து, தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினான். “மனசுல பேசு அண்ணா, ஆடாதே அண்ணா” என்றான். அவ்வளவுதான் பயிற்சி.

அண்ணன் வெளியே வந்து என்னிடம் சொன்னது இது: “இங்கிலீசு எழுத்தா வந்துச்சு பாப்பா. வரும், போகும். அப்புறம் கூட்டல் குறி மாதிரி ஒண்ணு வரும். நான் ஆடவே இல்ல. மனசுல பேசச் சொன்னாங்கல்ல, அம்மாகிட்ட பேசிக்கிட்டே இருந்தேன்.”

எங்கள் அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. எழுத்து வந்தபோதும் பேசியிருக்கிறார், சிலுவை வந்தபோதும் பேசியிருக்கிறார். வேலை நேரத்திலும் ஓய்வு நேரத்திலும் ஒரே மாதிரி பேசிக்கொண்டிருந்தால், கழித்துப் பார்க்கும்போது மிஞ்சுவது பூஜ்யம். அவருடைய மொழிப் பகுதி அந்த அரைமணி நேரமும் ஓயாமல் வேலை செய்திருக்கிறது. உங்கள் கணக்கு அதைத் துடைத்துவிட்டது. ரிப்போர்ட்டில் வந்தது இது: மொழி தொடர்பான செயல்பாடு போதுமான அளவு பதிவாகவில்லை, நோயாளியின் ஒத்துழைப்பு போதாது.

பேசச் சொன்னீர்கள், பேசினார். ஆடாதே என்றீர்கள், ஆடவில்லை. இதற்கு மேல் ஒரு மனிதர் எப்படி ஒத்துழைப்பது?

அந்த ஒற்றை வரியின் விலை என்ன என்பது அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது தெரிந்தது. மொழிப் பகுதியின் மேப் சரியாக வரவில்லை, அதனால் பயாப்ஸி மட்டும், அதாவது கட்டியில் ஒரு சிறு துண்டை மட்டும், எடுத்துப் பார்க்கலாம் என்றார். கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், பேச்சு போனாலும் போகலாம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் சொன்னதில் தப்பில்லை. இருட்டில் கத்தி வைக்க எந்த நல்ல சர்ஜனும் யோசிக்கத்தான் செய்வார். ஆனால் விளக்கை ஏற்றாமல் விட்டது யார்?

நாங்கள் வேறு ஊருக்கு, வேறு மருத்துவமனைக்குப் போனோம். போக முடிந்தது. மண்டி முதலாளி முன்பணம் கொடுத்தார், எனக்கு அலுவலகத்தில் லீவு கிடைத்தது. இரண்டும் இல்லாதவர்களை நினைத்துத்தான் இந்த மடல்.

அங்கே ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன வேலை, என்ன படிப்பு, வீட்டில் என்ன பேசுவீர்கள், மார்க்கெட்டில் என்ன பேசுவீர்கள், எந்தக் கையால் எழுதுவீர்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு, “அண்ணே, ‘காய்கறி’ன்னு காதுல கேக்கும். கேட்ட உடனே உங்களுக்குத் தெரிஞ்ச காயெல்லாம் வரிசையா சொல்லணும். இப்ப வாய்விட்டுச் சொல்லுங்க” என்றார். அண்ணன் தொடங்கினார்: முருங்கை, கத்திரி, வெண்டை, மொச்சை, அவரை, சுரை, பீர்க்கு, புடலை… நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. “இப்ப அதையே வாய் அசையாம மனசுக்குள்ள.” கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், “கடைசியா எந்தக் காய்ல நின்னீங்க?” என்று கேட்டார் அந்தப் பெண். “கோவைக்காய்” என்றார் அண்ணன். ஒழுங்காகத்தான் செய்கிறார் என்று அவர் உறுதி செய்துகொண்ட விதம் இது. இதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

உள்ளே, ஹெட்போனில் தமிழ்க் குரல். காய்கறி, மிருகம், வீட்டுச் சாமான் என்று ஒரு சுற்று. கத்தி, துடைப்பம், வாளி என்று படங்களைக் காட்டி அதைக்கொண்டு என்ன செய்வோம் என்று மனதில் சொல்லச் சொல்லி ஒரு சுற்று. பேச்சுத் தமிழில் ஒரு சின்னக் கதை கேட்பது. இடையிடையே அதே குரலைத் தலைகீழாக ஓட்டிய ஒலி, ஒப்பிடுவதற்காக. அண்ணன் அதை வாத்துச் சத்தம் என்றார். அங்கே வேலை பார்த்த மலையாளி நர்ஸ் ஒருவரிடம் கேட்டு மலையாளத்திலும் ஒரு சுற்று பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

படம் வந்தது. மொழி இடது பக்கத்தில்தான் என்பது தெளிவு. கட்டியின் பின் ஓரத்தை ஒட்டிச் செயல்பாடு. மருத்துவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார்: முன் பக்கம் தாராளமாகப் போகலாம், இந்த ஓரத்தில் மட்டும் விழித்திருக்கும்போது தொட்டுப் பார்த்துத்தான் போக வேண்டும். அப்படியே செய்தார்கள். மண்டை திறந்திருக்க, அண்ணன் விழித்துக்கொண்டு ஒன்று இரண்டு எண்ணினார், படங்களுக்குப் பெயர் சொன்னார். மெல்லிய மின்சாரம் ஓரிடத்தில் பட்டபோது (இதைத்தான் மின்தூண்டல் என்கிறார்கள்) எண்ணிக்கை நின்றது. அந்த இடத்தை விட்டுவைத்தார்கள். கட்டி முழுவதும் போகவில்லை. அதையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள்.

இப்போது பேசுகிறார். ஏலத்தின் வேகம் இன்னும் திரும்பவில்லை; ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில் ஒரு நொடி தேடுகிறார், அந்த நொடியில் வியாபாரி முந்திக்கொள்கிறார். அதனால் கூறுவது வேறொரு பையன், கணக்குப் பார்ப்பதும் விவசாயிகளிடம் பேசுவதும் அண்ணன்.

ஒரே மண்டை, ஒரே கட்டி, ஒரே மாதிரி மெஷின். ஓரிடத்தில் ஒன்றும் பதிவாகவில்லை, இன்னோரிடத்தில் எல்லைக்கோடு வரை தெரிந்தது. இடையில் மாறியது கேள்வி கேட்ட மொழியும், கேட்பதற்கு முன் சொல்லிக் கொடுத்த ஒரு பெண்ணும்தான். மென்பொருளில் தமிழ் இல்லை என்ற உங்கள் பதிலுக்கு இதுதான் என் ஆதாரம். அங்கேயும் மென்பொருளில் தமிழ் இல்லை. அவர்களே குரலைப் பதிந்தார்கள், படங்களைத் தேடி எடுத்தார்கள்.

சர்வதேச நெறிமுறை என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்க ஃபங்ஷனல் நியூரோரேடியாலஜி சங்கம் 2017-இல் வெளியிட்ட பரிந்துரை பற்றித்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு முதலில் வாக்கியத்தை முடித்தல், மௌனமாகச் சொல் தேடுதல். பிறகு ஒத்து ஒலிக்கும் சொல், எதிர்ச்சொல், கதை கேட்டல் போன்றவை என்று அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஊருக்கு ஒரு மாதிரி செய்துகொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த முயன்றார்கள். ஆனால் ஒரு நெறிமுறையைப் பின்பற்றுவது என்றால் அதன் எழுத்துகளை அப்படியே திரையில் ஓட்டுவது என்று யார் சொன்னது? சொல் தேடச் சொல்வதுதான் நெறிமுறை. எந்த மொழியில் தேடுவது என்பதைத் தேடுகிறவரின் வாய்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதே சமயம், ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் பெயர்த்துப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் தயவுசெய்து நினைக்காதீர்கள். வாக்கியத்தை முடிக்கச் சொல்லும் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கடைசியில் விடுபடும் இடம் பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல்லுக்கு. “அக்கா சந்தைக்குப் போய் தக்காளி…” என்று தமிழில் நிறுத்தினால் வருவது வினைமுற்று. வாங்கினாள், வித்தாங்க என்று காலம், ஆள், பால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். பெயரும் வினையும் மூளையில் ஒரே மாதிரி கையாளப்படுவதில்லை என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. அப்படியானால் நம்முடைய பரிசோதனை வேறு எதையோ அளக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

எஃப், ஏ, எஸ் என்று எழுத்துக் கொடுத்துச் சொல் கேட்பது ஆங்கிலப் பரிசோதனைகளில் பழக்கம். இங்கே ‘க’ என்று கொடுத்தால் ‘கா’, ‘கி’, ‘கு’ எல்லாம் சேருமா, சேராதா? பள்ளிக்கூடத்தில் 247 எழுத்து என்று படித்தவர் சேராது என்பார். ஒத்து ஒலிக்கும் சொல் விஷயம் இன்னும் குழப்பம். ‘மரம்’, ‘பணம்’ இரண்டும் ஒத்து ஒலிக்கின்றனவா என்று வீட்டில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். எதுகைக்குப் பழகிய காது இரண்டாம் எழுத்தைத் தேடும். கடைசியில் ‘ம்’ வருவது பெரிய விஷயமாக அதற்குப் படாது. 30 விநாடிக்குள் ஓடும் பரிசோதனையில் நோயாளி இந்த இலக்கணச் சண்டையைத் தனக்குள் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் இடைவெளியும் அப்படியே. “அவன் நேற்று வந்தான்” என்று செய்தி வாசிப்பது போல ஹெட்போனில் கேட்டால் அண்ணனுக்குப் புரியும். ஆனால் அவர் அந்தத் தமிழில் யோசிப்பதில்லை.

பெயர் சொல்லும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்டன் நேமிங் டெஸ்ட் என்று 60 படங்கள் கொண்ட பரிசோதனை ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் பனிக்கட்டி வீடு உண்டு, பீவர் என்ற பிராணி உண்டு, ப்ரெட்சல் என்ற ரொட்டி உண்டு, ஆஸ்பராகஸ் உண்டு. எங்கள் மார்க்கெட்டில் வந்து இறங்காத காய் இல்லை என்று பெருமை பேசுவோம். ஆஸ்பராகஸ் ஏலத்துக்கு வந்து நான் கேள்விப்பட்டதில்லை. பெயர் தெரியாததால் சொல்லவில்லையா, கட்டியால் சொல்ல முடியவில்லையா என்று பிரித்துப் பார்க்க முடியாத படத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள்?

முதல் மருத்துவமனையில் எங்களுக்கு அடுத்துக் காத்திருந்தது தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவரையும் அதே திரைக்கு முன்னால்தான் படுக்கவைத்திருப்பார்கள். இதை நான் தமிழுக்காக மட்டும் எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம், மலையாளம் என்று வீட்டுக்குள் ஒன்று, வீதியில் ஒன்று பேசுகிறவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனையோ லட்சம் பேர். ஒரே ஆளின் இரண்டு மொழிகளும் மூளையில் அச்சுப் பிசகாமல் ஒரே புள்ளியில் இருக்க வேண்டியதில்லை என்று ஓஜமன், விடேக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-லேயே, அறுவை மேசையில் மின்தூண்டல் செய்து பார்த்து எழுதிவிட்டார்கள். வளர்ந்தபின் இரண்டாம் மொழி கற்றவர்களுக்கு முன்மூளையின் பேச்சுப் பகுதிக்குள் இரண்டும் தனித்தனி இடத்தில் தெரிவதாக 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. ஆய்வு காட்டியது. ஒரு மொழியில் மட்டும் பார்த்துவிட்டு வெட்டினால், பார்க்காத மொழி என்ன ஆகும்? வீட்டு மொழியை இழந்து அலுவலக மொழியோடு எழுந்து வருவதை எந்தக் குடும்பமும் வெற்றிகரமான அறுவை என்று சொல்லாது.

எனக்கும் நிதானம் உண்டு. இந்த ஸ்கேன் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. கட்டியைச் சுற்றி ரத்த ஓட்டமே தாறுமாறாக இருந்தால், மொழி வேலை நடந்தாலும் சிக்னல் வராமல் போகலாம். வண்ணம் இல்லாத இடமெல்லாம் வெட்டத் தகுந்த இடம் அல்ல. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள இன்றும் விழித்திருக்கும் நோயாளியின் மூளையில் நேரடி மின்தூண்டல்தான் வழி. 8,091 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டி 2012-இல் வந்த ஆய்வில், மின்தூண்டலோடு க்ளையோமா அறுவை செய்தவர்களில் நாள்பட்டும் நீடித்த கடுமையான நரம்புக் குறைபாடு 3.4 சதவீதம், அது இல்லாமல் செய்தவர்களில் 8.2 சதவீதம். ஓஜமனின் குழு 1989-இல் 117 பேரின் மூளையில் தொட்டுப் பார்த்தபோது, மொழிக்கான இடங்கள் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறியிருந்தன. புத்தகப் படத்தை வைத்து யாருக்கும் அறுவை செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் யாரை விழிக்கவைத்துச் செய்வது, எந்தப் பக்கமாக உள்ளே போவது, குடும்பத்திடம் என்ன சொல்வது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிறது. அந்த முடிவுக்குத்தான் இந்த ஸ்கேன். வேலை எதுவும் கொடுக்காமல் ஓய்வு நிலையிலேயே படம் எடுத்து மொழிப் பகுதியைக் கண்டுபிடிக்கும் முறை வளர்ந்து வருவதும் தெரியும். அது எல்லா இடத்துக்கும் வந்து சேரும்வரை நோயாளிகளின் கட்டி காத்திருக்காது. அது வந்தபிறகும், விழித்திருக்கும் நோயாளியிடம் அறுவை மேசையில் ஏதோ ஒரு மொழியில்தானே பேசியாக வேண்டும்?

இதைச் செய்ய நமக்கு ஆள் இல்லை, அனுபவம் இல்லை என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூளையைத் தொட்டுப் பார்த்து, நோயாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டே அறுவை செய்வதை ஒரு முறையாக வளர்த்தவர் கனடாவின் மாண்ட்ரியாலில் நியூரோ சர்ஜனாக இருந்த வைல்டர் பென்ஃபீல்டு. அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். முக்கால் நூற்றாண்டாக நோயாளியோடு பேசி மூளை அறுவை செய்து பழகிய மாநிலம் இது. நோயாளியின் பேச்சைக் கேட்பதற்காகவே உண்டான ஒரு மருத்துவத்தில், நோயாளிக்குத் தெரியாத எழுத்தைக் காட்டிவிட்டு அவரைக் குற்றம் சொல்லும் நிலைக்கு எப்படி வந்தோம்? 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்டவர்கள் நாம். கடைப் பலகையில் தமிழ் பெரிதாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஆள் அனுப்புகிறோம். ஸ்கேன் அறைக்குள் யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நேரம் இல்லை என்பீர்கள். மெஷினுக்கு வெளியே நீண்ட வரிசை நிற்கிறது, எனக்கும் தெரியும். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் பயிற்சி நடப்பது மெஷினுக்கு வெளியே, பெஞ்சில். ஒன்றும் பதிவாகாத ஸ்கேனை இரண்டாம் முறை எடுப்பதுதான் மெஷின் நேரத்தைத் தின்கிறது.

நான் கேட்பவை இவை.

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போதே நோயாளி எந்தெந்த மொழி பேசுகிறார், எதில் படிக்கத் தெரியும், தொழிலுக்கு எந்த மொழி வேண்டும், எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டுப் படிவத்தில் எழுதுங்கள். அவர் அன்றாடம் பேசும் மொழியில்தான் பரிசோதனை நடக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குக் காதால் கேட்கும் பரிசோதனை. இரண்டு மொழிகளை நம்பிப் பிழைப்பவருக்கு இரண்டிலும்.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் முன்கூட்டியே பயிற்சி கொடுத்து, புரிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்ட பிறகே நோயாளி உள்ளே போக வேண்டும். அவர் ஸ்கேன் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது செய்யும் அறுவையிலும் நோயாளியின் மொழி பேசும் ஒருவர் தலைமாட்டில் இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எந்த மொழியில், என்னென்ன பரிசோதனை, யார் பயிற்சி கொடுத்தார் என்று எழுதுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் ‘ஒத்துழைப்பு போதாது’ என்று எழுதுவதைத் தடை செய்யுங்கள். முடிவு சொல்ல முடியாத ஸ்கேனில், அந்த இடத்தில் மொழி இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். என் அண்ணனின் பழைய ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுக்க வேண்டும். நாளைக்கு மறுபடி கட்டி வளர்ந்து வேறொரு டாக்டர் அந்தக் கோப்பைத் திறந்தால், அந்த வரி அவரையும் திசைதிருப்பும்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பொறுப்பாக்கி, நியூரோ சர்ஜன், ரேடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், மொழியியல் தெரிந்தவர் நால்வகையினரையும் உட்காரவைத்து, பேச்சுத் தமிழில் ஒரு பொதுப் பரிசோதனைத் தொகுப்பை உருவாக்குங்கள். படித்தவர், படிக்காதவர், பல வயதினர், பல வட்டாரத்தினர் என்று நலமாக உள்ளவர்களிடம் முதலில் சரிபார்த்து, குரல் பதிவுகளையும் படங்களையும் அரசு, தனியார் எல்லா மருத்துவமனைகளுக்கும் இலவசமாகக் கொடுங்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது, சௌராஷ்டிரத்துக்கும் அதே தொகுப்பு அடுத்தடுத்து வர வேண்டும். மெஷின் வாங்கும் டெண்டரில், உள்ளூர் மொழிக் குரலையும் படத்தையும் நாமே ஏற்றிக்கொள்ளும் வசதி கட்டாயம் என்று ஒரு நிபந்தனை சேருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. மொழிப் பகுதிக்கு அருகில் கட்டி உள்ளவர்களுக்கு இந்த ஸ்கேனும், ஸ்பீச் தெரபிஸ்டின் கட்டணமும், அறுவைக்குப் பின் பேச்சுப் பயிற்சியும் அதில் வெளிப்படையாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும்.

இந்த மடலின் நகல் துறைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் போகிறது. இவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போது, எந்த அதிகாரி பொறுப்பு, எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதை 30 நாளைக்குள் எழுத்துமூலம், தமிழில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் ஏலக்காரர் ஒருவரின் தங்கை
திண்டுக்கல் மாவட்டம்